அட்டை தொடாத கால்கள்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். நான் ஒரு வரியையும் மாற்றப்போவதில்லை.

என் கணவர் தனபாலன் இமயமலைச் சரணாலயம் ஒன்றைப் பார்க்க முப்பது வருடம் ஆசைப்பட்டவர். கண்டி மஹய்யாவவில் இருந்த அவருக்கு வாய்த்தது நக்கிள்ஸ் காடுதான். இமயத்தில் பூக்கும் சிவப்புப் பூமரத்தின் இனம் இங்கேயும் உண்டு என்று மாதம் ஒருமுறை மலையேறுவார். 2023 ஜூன் 11 அன்று அந்த மரத்தடிப் பள்ளத்தில் விழுந்து இறந்தார். பூவைப் படம் பிடிக்கப்போய்க் கவனமில்லாமல் வழுக்கிவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மரை, கேளையாடு போன்ற மான்களும் மிரளாதபடி நடந்த மனிதர் வழுக்குவாரா? நான் அந்த இடத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

"வருசம் முடியாம மலை ஏறக்கூடாது அண்ணி," என்றாள் அவர் தங்கை கமலம்.

"ஏறினா?"

"உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, என்னையச் சொல்லணும்."

2024 மே 19. மடவளை ஊர் நஸீப்பின் வாடகை வேனில் போனேன். முழங்கால் வலியென்று அவர் வேனிலேயே இருந்துகொண்டார். "ஆறு மணிக்குள்ள வந்திருங்க டீச்சர். எனக்குத் தனியா இருக்கப் பயம்."

3.40க்கு நடக்கத் தொடங்கினேன். ஏலச்செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மழை விட்டிருந்தது. இலை நுனிகளில் அட்டைகள் தலையைத் தூக்கி ஆடின. காலில் சவர்க்கார நுரை பூசியும் பயனில்லை. 4.15க்குள் பதினொன்றைப் பிடுங்கி எறிந்தேன். மூடுபனி இறங்கியது. குரங்குகளின் சத்தம் நின்றது.

முன்னால் ஒருவர் நின்றார். இடுப்பில் சாக்கு. வெறுங்கால்.

"வாங்கம்மா. ஐயா விழுந்த எடம் இந்தப் பக்கந்தான்."

நான் யாரென்று சொல்லவே இல்லை...

"நீங்க?"

"வீரையா. கீழ்த் தோட்டம்."

பின்னால் நடந்தேன். அவர் உரசிய இலைகளில் அட்டைகள் அசையவில்லை. நான் நெருங்கியதும் எல்லாம் எழுந்தன.

"உங்கள அட்டை கடிக்காதா?"

"முந்தி கடிச்சுச்சுங்க."

4.32. பாதை முடிந்தது.

சிவப்புப் பூ. கீழே வெறும் வெண்மை.

டொக்... டொக்... நீர் சொட்டியது.

"ஐயா வழுக்கலம்மா. நான் பாறையில தொங்கிக்கிட்டுக் கத்துனேன். கை குடுக்க வந்தாரு."

நான் விலகவில்லை.

"இத எல்லார் முன்னாலயும் சொல்லணும். திவசத்துக்கு வாங்க."

"வீட்டுக்கு வந்து கூப்புடுங்க. வருவேன்."

பனி விலகியது.

யாருமில்லை.

ஜூனில் வீரையாவை அழைக்கத் தோட்டத்துக்குப் போனேன். அவர் மனைவி ராக்கம்மா சுவரைக் காட்டினாள். மாலை போட்ட படம். தேன் எடுக்கப்போய் அதே பாறையிலிருந்து விழுந்தவர் என்றாள். படத்தின் கீழே தேதி: 2019 ஓகஸ்ட் 4.

என் கணவர் கை நீட்டியது அதற்கு நான்கு வருடம் கழித்து.

இருக்கட்டும். ஒருவன் கத்தினான், அவர் கை நீட்டினார். அது கவனக்குறைவு அல்ல. படத்தைப் பார்த்தே அழைத்துவிட்டு வந்தேன்.

திவசத்தன்று இரண்டு இலை போட்டேன்.

"ரெண்டாவது யாருக்கு அண்ணி?"

"கூப்பிட்டிருக்கேன்."

"கவனமில்லாம விழுந்தவருக்குச் சாட்சியா?"

பகல் 12.20. நல்ல வெயில். இரண்டாவது இலைக்கு முன்னால் தரை நனைந்திருந்தது. கமலம் காலைத் தூக்கினாள். ரத்தம்.

அவள் விரலிடுக்கில் ஓர் அட்டை.

எங்கள் சிமெந்துத் தரையில் நாற்பது வருடமாக நான் அட்டையைக் கண்டதில்லை. 'கவனமில்லாம' என்ற சொல்லைக் கமலம் மறுபடி சொல்லவுமில்லை.