பூசைக்கு மினுக்காத துவக்கு

டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் எங்கள் வீட்டிலும் ஆயுத பூசைக்கு முன் கருவிகளை எல்லாம் மினுக்குவது வழக்கம். சென்ற ஆண்டு, அனுமதிப்பத்திரத்துடன் வாங்கிய பழைய இராணுவத் துவக்கின் முத்திரை குத்திய மரப்பிடியையும் தேய்க்க உப்புத்தாளோடு உட்கார்ந்தேன்.

"பொறுங்கோ! உந்தப் படைமுத்திரையையும் சேத்து அழிக்கப் போறியளே?" என்று மனைவி கத்தினாள். என் கை அப்படியே நின்றது.

பிறகு அதை ஒடென்சேயில் நடந்த சேகரிப்பாளர் சந்தைக்குக் கொண்டுபோனேன். மதிப்பிடுபவர் பளபளத்த ஒரு துவக்கைத் தள்ளிவைத்தார். தேய்த்ததில் மரம் பக்கத்து இரும்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கி, அசல் வடிவம் போய்விட்டதாம். என்னுடையதில் முத்திரையின் விளிம்பு கூர்மையாகவே இருந்தது. சிப்பாயின் கை பட்ட இடம் மட்டும் கறுத்திருந்தது. "இதுதான் அசல்!" என்று டேனிஷில் சொல்லி, எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது பூசைக்கு உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி. சந்தனப் பொட்டுக்கூடத் துவக்குப் பெட்டிக்குத்தான்.