சிறுவாட்டுக் கிலோமீட்டர்

மலர்கொடி ஓட்டுவது பேட்டரி பிக்கப். மரக்காணத்து உப்பளங்களிலிருந்து பாண்டிச்சேரி கடைகளுக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போகிற வண்டி. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் அதில் ஒரே ஒரு சீட்தான். வாரத்தில் பாதி நாள் கருவாட்டுக் கூடையோடு அந்த சீட்டில் உட்கார்ந்து போகிறவள் நான், மெர்லின். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு எல்லா உரிமையும் உண்டு. இல்லை என்கிறவர்கள் ஒரு நாள் என் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாண்டிச்சேரி வரைக்கும் மூச்சுவிட்டுக் காட்டட்டும்.

வண்டி அவள் புருஷன் தமிழ்வேந்தனுடையது. டீசல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். விபத்தில் வலது கால் போச்சு. கிளட்ச் இல்லாத வண்டியென்றால் இடது காலை மட்டும் வைத்தே ஓட்டிவிடலாம் என்று நம்பித்தான் இதை வாங்கினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அவசரத்துக்குப் பிரேக்கை மிதிக்க இடது கால் பழகவே இல்லை என்று. கடைசியில் உப்பளத்து மண் ரோட்டில் மலர்கொடி ஓட்டிப் பழகினாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஏசுவே ஏசுவே என்று கத்தினேன். கற்றுக்கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விற்றவர்கள் ஒரு தாள் கொடுத்தார்கள். வழவழப்பான தாள். அதில் போட்டிருந்த தூரத்தைப் பாதியாக்கி, பாவம் என்று கொஞ்சம் கூட்டினால், அதுதான் ஈ.சி.ஆரில் நிஜமாகக் கிடைக்கிற தூரம். தாளில் எதிர்க்காற்று அடிக்குமா? தாளில் ஈர உப்பு கனக்குமா? வேகத்தைக் கூட்டினால் சார்ஜ் கொட்டுகிற கொட்டு இருக்கிறதே, ஓட்டைக் குடம் தோற்றுப்போகும். வழியில் இருக்கிற சார்ஜர்கள் காருக்கானவை, இந்த வண்டிக்குப் பொருந்தாது. வீட்டில் போட்ட சார்ஜ் தீர்ந்தால் நடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

தமிழ்வேந்தனுக்கு அது வசதியாகப் போயிற்று. தினமும் வண்டி திரும்பி வந்ததும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சார்ஜ் மீட்டரைப் பார்ப்பார். ஓடிய தூரத்தைக் காட்டுகிற எண்கள் உப்புக்காற்றில் எப்போதோ மங்கிப்போய்விட்டன. "எவ்ளோ மிச்சம்?" இதுதான் கேள்வி. சாப்பிட்டியா, களைப்பா இருக்குதா, ஒன்றும் கிடையாது. பாண்டிச்சேரி போய்த் திரும்ப எவ்வளவு ஆகும் என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு பொட்டு குறைந்தாலும், "எங்க சுத்திட்டு வர்ற?" மாட்டுக்குக் கயிற்றை அளந்து கட்டுகிற மாதிரி, இவளுக்குச் சார்ஜை அளந்து கட்டியிருந்தார். வீட்டைவிட்டு வெளியே போகவே முடியாத மனுஷன், வெளியே போகிறவளையாவது பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் கலைமதியால் வந்தது. இவர்களுடைய ஒரே பெண். இடையஞ்சாவடியில் இருக்கிற ஆரோக்கிய பிரபு என்ற பையனைக் காதலித்து, கோயிலில் தாலி கட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் கோயிலில்தான், மாதா கோயில். அன்றிலிருந்து தமிழ்வேந்தன் அவள் பெயரை வாயால் சொன்னதில்லை. என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்துவிட்ட மாதிரி!

மலர்கொடி அழவில்லை, சண்டை போடவில்லை. அவள் செய்த வேலை எனக்கே கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. ஆரம்பத்தில் வண்டியை விரட்டு விரட்டு என்று விரட்டினாள். காற்று முகத்தில் அறையும். "ஏண்டி, சாகப் போறியா?" என்று நான் கத்தினால் சிரிப்பாள். வேகத்தில் சார்ஜ் எக்கச்சக்கமாகக் குறையும். அதையே தமிழ்வேந்தன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார், பாண்டிச்சேரி போய்வர இவ்வளவு ஆகும் என்று. அந்தக் கணக்கு அவர் தலையில் நன்றாக ஊறிய பிறகு, இவள் வேகத்தைக் குறைத்தாள். சைக்கிள்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நிதானம். ஃபேன் போடமாட்டாள். அப்படி மிச்சம் பிடித்த சார்ஜில், மார்க்கெட்டில் உப்பை இறக்கிவிட்டு, மேற்கே திரும்பி, செம்மண் மேட்டில் ஏறி, இடையஞ்சாவடிக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வரும்போது மீட்டரில் அவர் எதிர்பார்த்த அளவுதான் இருக்கும்.

"இதாங்க்கா என் சிறுவாடு" என்றாள் ஒருநாள். புருஷனுக்குத் தெரியாமல் பெண்கள் உளுந்து டப்பாவில் காசு சேர்ப்பார்கள். இவள் கிலோமீட்டர் சேர்த்தாள்.

கலைமதி முழுகாமல் இருந்தாள். மாசம் ஏறியதும் மாமியார் இன்னாசியம்மாள் வளைகாப்புக்கு நாள் குறித்து, முறைப்படி தமிழ்வேந்தனுக்கே போன் செய்தாள். "புள்ளைக்கு வளையல் போட்டு உங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க சம்பந்தி. தலைப்பிரசவம், அதானே மொற" என்றாளாம். மனுஷன் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

கலைமதி அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீ வர்லன்னா நான் வளையல் போட்டுக்க மாட்டேம்மா. எல்லார் முன்னாடியும் அனாதை மாதிரி என்னால குந்த முடியாது." பிறகு, "வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவ முடியாதுன்னு தெரியும், நீ வந்தா போதும்" என்றாளாம். அதைச் சொல்லும்போது மலர்கொடி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பயந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் லோடு ஏற்றினார்கள். வழக்கமாக ஏற்றுகிற மூட்டைகளுக்கு மேல் இன்னும் ஒரு அடுக்கு ஏற்றச் சொன்னார் தமிழ்வேந்தன். உப்பு, சடையப்பன் என்ற உப்பளப் பாத்திக்காரருடையது. அவரே, "ஏம்பா, இவ்ளோ தாங்குமா?" என்று கேட்டார். "தாங்கும், மழை வரப்போவுது, சீக்கிரம் அனுப்பணும்ல" என்றார் இவர். மழையாம்! மகள் பெயரைச் சொல்லாமல், அங்கே போகாதே என்றும் சொல்லாமல், மூட்டையை வைத்தே வழியை அடைத்துவிட்டார். மலர்கொடியால் வாயைத் திறக்க முடியவில்லை. கனம் அதிகம், சார்ஜ் போதாது என்று சொன்னால், எங்கே போகப் போதாது என்று கேட்பாரே.

காலையில் நான் கூடையோடு போனபோது அவள் வண்டிக்குள் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "சார்ஜே ஏறலக்கா. பாதிக்கு மேல ஏறவே இல்ல." இறங்கிப் போய்ப் பார்த்தேன். சார்ஜ் போடுகிற துளையிலும் பிளக்கிலும் அப்பி வைத்த மாதிரி கிரீஸ்!

எங்கள் ஊரில் அது வழக்கம்தான். மழைக்கு முன்னால் இரும்பு என்று எது கண்ணில் பட்டாலும் கிரீஸ் தடவிவிடுவோம். பூட்டு, கீல், சைக்கிள் செயின், மோட்டார் கொட்டகைத் தாழ்ப்பாள். தடவாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். ஆனால் கரண்டு போகிற பிளக்குக்கு யாராவது தடவுவார்களா? வேண்டுமென்றே செய்திருக்கிறான் பாவி என்று நான் பல்லைக் கடித்தேன். சந்தனம் மாதிரி குழைத்துத் தடவியிருந்ததைத் துணியால் துடைத்துப் பார்த்தோம், போகவில்லை. அதற்குள் தமிழ்வேந்தன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "இன்னும் கெளம்பலியா?"

பஸ்ஸில் போய்விடலாம் என்று சொன்னேன். "லோடு இருக்கறதாலதான்க்கா நான் இந்த வாசலைத் தாண்டறேன்" என்றாள். கிளம்பினோம்.

கடற்காற்று எதிரில் அடித்தது. மேல் அடுக்கு மூட்டைகள் காற்றைத் தடுத்துக்கொண்டு நின்றன. நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கியது. மார்க்கெட்டுக்குப் போனால் மேட்டில் ஏற முடியாது. மேட்டில் ஏறினால் மார்க்கெட்டும் இல்லை, வீடும் இல்லை.

கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது போன் அடித்தது. ஓரம் கட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க இருக்க?"

"கீழ்புத்துப்பட்டுங்க."

"எவ்ளோ மிச்சம்?"

மலர்கொடி மீட்டரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "பொண்ணு வூட்டு வாசல் வரைக்கும் போவும். அதுக்கு மேல போவாது. இவ்ளோ நாளும் உங்களுக்குச் சொன்ன கணக்கு பொய்யி. மிச்சம் புடிச்சு மிச்சம் புடிச்சு அவளைப் பார்த்துனு வந்தேன். இன்னிக்கு மிச்சம் எதுவும் இல்ல. வண்டி அங்கதான் நிக்கும். வேணும்னா வந்து எடுத்துக்கோங்க."

சொல்லிவிட்டு அவளே போனை அணைத்தாள். வண்டியை மறுபடி ரோட்டில் ஏற்றினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு ஆடலாம் போல இருந்தது, பயமாகவும் இருந்தது.

மேட்டில் பாதி ஏறும்போதே மீட்டரில் ஆமைப் படம் எரிந்தது. சார்ஜ் தீரப்போகிறது, இனி நகர்ந்துதான் போகும் என்று அர்த்தம். கனத்தைக் குறைக்கிறேன் என்று நான் இறங்கி நடந்தேன். என்னைவிட வண்டி பின்தங்கியே வந்தது. "வாடி ராசாத்தி, வாடி" என்று ஒரு வண்டியைக் கொஞ்சுகிற நிலைமை எனக்கு. இன்னாசியம்மாள் வீட்டுப் பந்தல் வாசலில் வந்து, அத்தோடு உயிரை விட்டது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த கலைமதி அம்மாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். முதல் வளையலை மலர்கொடிதான் போட்டாள். அம்மாவும் மகளும் அழுத அழுகையில் சந்தனக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

பந்தி முடியும் நேரத்துக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. தமிழ்வேந்தன் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். பந்தலைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை, நேராக வண்டியிடம் போனார். "சார்ஜ் போட வேண்டியதுதானே?"

"ஏறல. நீங்க தடவி வெச்ச கிரீஸைப் பாருங்க" என்றாள் மலர்கொடி.

குனிந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. "துருப்புடிக்கும்னு தடவினேன். கதவு, பூட்டு எல்லாத்துக்கும்தான் தடவினேன்." தடியைத் தூக்கிக் காட்டினார். தடியின் அடியில் இருந்த இரும்புப் பூணுக்கும் கிரீஸ். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கே தெரிந்தது.

"சரி, மேல ஒரு அடுக்கு மூட்டை ஏத்தினீங்களே? அதுவும் துருவுக்கா?"

அவர் தடியைக் கீழே இறக்கினார். யாரையும் பார்க்காமல், "மண்ணெண்ணெ இருக்குதா?" என்றார். மருமகன் ஆரோக்கிய பிரபு ஓடிப்போய் எடுத்துவந்தான். தரையில் உட்கார்ந்து பிளக்கைத் துடைத்தார். "துணி" என்று கையை நீட்டினார். பிரபு கொடுத்தான். அதுதான் மாமனாரும் மருமகனும் பேசிய முதல் பேச்சு.

வண்டியோடு கொண்டுவந்திருந்த சார்ஜர் ஒயரை வீட்டுக்குள் செருகியதும் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. வீட்டுக் கரண்டில் அது எறும்பு ஊர்கிற மாதிரிதான் ஏறும். ஆட்டோவைத்தான் அனுப்பிவிட்டாரே, எங்கே போவார்? இன்னாசியம்மாள் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மலர்கொடி எத்தனை நாள் கட்டுண்டு கிடந்தாளோ, இன்றைக்கு உன் முறை, நன்றாக உட்கார் என்று நான் மனதுக்குள் கருவினேன்.

கலைமதி ஒரு தட்டில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு கை நிறைய வளையல், ஒவ்வொரு அடிக்கும் சத்தம். தமிழ்வேந்தன் திரும்பவில்லை. அவள் தட்டை அவர் மடியில் வைத்தாள். அவர் அந்தக் கைகளைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை.

வெயில் சாய்ந்தது. மேகம் கட்டத் தொடங்கியது. அவர் எழுந்து வந்து மீட்டரைப் பார்த்தார்.

"மலரு, இத்தனை நாள் சொன்ன கணக்கு வேணாம். உண்மையச் சொல்லு. இவ்ளோ சார்ஜுக்கு எவ்ளோ தூரம் போவும்?"

"லோடோட போனா கீழ்புத்துப்பட்டுல நின்னுடும். லோடு இல்லன்னா வூடு வரைக்கும் போவும்."

அவர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தார். தடியை வண்டியில் சாய்த்து வைத்துவிட்டு, மேல் அடுக்கு மூட்டையில் ஒன்றைப் பிடித்து இழுத்தார். ஒற்றைக் காலில் பாரம் தாங்காமல் தடுமாறினார். பிரபு ஓடிவந்து மறுபக்கம் பிடித்தான். ஒவ்வொன்றாக இறக்கி, மழை படாமல் வீட்டுத் திண்ணையில் அடுக்கினார்கள்.

"ஏங்க, சடையப்பன் மூட்டைங்க அது" என்றாள் மலர்கொடி.

"இங்கயே இருக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

வண்டி காலியானதும் தட்டுத்தடுமாறிப் பின்பக்கம் ஏறி, ஈர உப்பு சிந்திக் கிடந்த பலகையில் உட்கார்ந்துகொண்டார். முன் சீட்டில் இருந்த என் கூடையைக் காட்டி, "யக்கா, அதை எடுத்துனு நீங்களும் பின்னாடி வாங்க" என்றார். என்னிடம் அவர் பேசி எவ்வளவு காலம் ஆச்சு! நான் மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கலைமதி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் அவர் வாயில் வரவில்லை. தடியை நீட்டி முன் சீட்டைக் காட்டினார்.

"முன்னாடி ஏறும்மா. பின்னாடி ரொம்பக் குலுங்கும்."