எரியாத சுண்ணாம்பு

முதலில் சுண்ணாம்பு எரியாமல் போனது. நோயின் முதல் அறிகுறி அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

இலங்கையில், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள் நான். மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்கினால் அட்டை விடாது. அதனால் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பைக் கால் விரலிடுக்குகளில் அப்பிக்கொண்டுதான் மலைக்குப் போவோம். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் எரிச்சல் தாங்காமல் குதிப்பார்கள். எனக்கும் முன்பெல்லாம் எரியும். பிறகு எரியவே இல்லை. "மல்லிகாக்கா, ஆடி மாசம் தீ மிதிக்க ஒங்களையே அனுப்பலாம்" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். இத்தனை வருடம் உழைத்த கால், தோல் முற்றிவிட்டது என்று நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன்.

எனக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்தது. கிளினிக்குக்குப் போவேன், மாத்திரையும் போடுவேன். சீனி கூடினால் பாத நரம்புகள் மரத்துப்போகும் என்பதும், மரத்த காலில் சூடும் காயமும் தெரியாது என்பதும் பிறகுதான் விளங்கின. இதை வாசிக்கிற உங்களுக்கும் சீனி இருந்தால், காலில் வலியே இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள். தினமும் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள்.

சின்ன விரலின் இடுக்கில் சுண்ணாம்பு தோலைத் தின்றிருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது என் கண் இல்லை, என் கணவரின் மூக்கு. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். என்னவோ நாறுகிறது என்று அடுப்பங்கரையெல்லாம் தேடியவர் கடைசியில் என் காலடியில் வந்து நின்றார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நான் மேல்மலைக்குப் போவேன். அங்கேதான் தோட்டத்து மயானம் இருக்கிறது. எங்களுக்கு இருந்த ஒரே பிள்ளை சுதா, பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் தலைமாட்டில் விளக்கு வைத்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். செங்குத்தான ஒற்றையடிப் பாதை அது, வண்டி வாகனம் ஒன்றும் போகாது. புண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அன்றைக்கும் ஏறினேன். வலிக்கவே இல்லை. கடைசியாக ஏறியது அன்றைக்குத்தான்.

மறுநாள் கிளினிக்கில் பார்த்துவிட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அனுமதிக்கிற இடத்தில் என்னோடு குளவி கொட்டி முகம் வீங்கியவர்கள், கொழுந்துச் சாக்கோடு வழுக்கி விழுந்தவர்கள், காய்ச்சல்காரர்கள், மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். பெயர் தெரியாத நோய் என்று யாருக்கும் இல்லை. எனக்கும் கால் விரலில் ஒரு புண்தானே என்று தைரியமாக உட்கார்ந்திருந்தேன்.

புண் எலும்பு வரை போயிருந்தது. அழுகலும் (தசை உயிரிழந்து கறுத்துப்போவது) ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் சிங்களப் பிள்ளை. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"அம்மா, விரல் மட்டும் எடுத்தா பத்தாது. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இல்லாட்டி உயிருக்கு ஆபத்து."

"அதுக்கப்புறம் நான் மலை ஏறலாங்களா?"

செயற்கைக் கால் போட்டு நடக்கலாம் என்றார். எந்த மலை என்று கேட்டார். நான் சொன்னேன்.

"சமதரையில நடக்கலாம் அம்மா" என்றார்.

என் கணவர் கவ்வாத்து வெட்டுகிறவர். வயதான தேயிலைச் செடிகளை வெட்டி வெட்டித் தளிர்க்க வைத்த மனிதர். சம்மதம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே போய் அழுதிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் காலை வெட்டிய மறுநாள் அவர் வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த நாள் வந்தார், நகக்கண்ணில் செம்மண்ணோடு. வெட்டியெடுத்த உறுப்பை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி மண்ணில் வைப்பது எங்கள் ஆட்களில் சிலருக்கு வழக்கம். அவரும் கேட்டு வாங்கியிருக்கிறார். வெள்ளைத் துணியில் சுற்றி, ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"பாப்பாவுக்குப் பக்கத்துலதான் வச்சேன்" என்றார். "தனியா கெடக்குறாளேன்னு அழுவியே. இனிமே ஒங் காலு அவகிட்டயே இருக்கும்."

அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. அந்த வாட்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

புண் ஆறிவிட்டது. தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இப்போது எனக்கு மாயவலி (வெட்டிய உறுப்பு இன்னும் இருப்பதுபோல உணர்வது) இருக்கிறது. உடம்போடு ஒட்டியிருந்தபோது ஒன்றையும் உணராத பாதம், போன பிறகு எல்லாவற்றையும் உணர்கிறது. மழை பெய்தால் விரல்கள் விறைக்கின்றன. சில நாள் விரலிடுக்கில் சுண்ணாம்பு எரிகிறது.

மலைக்குப் போகாதவளுக்குத் திங்களும் செவ்வாயும் ஒன்றுதான். வெள்ளி மட்டும் தெரியும். அன்றைக்கு அவர் விளக்கை எடுத்துக்கொண்டு ஏறுவார். நான் வாசலில் உட்கார்ந்து அவர் முதுகு மறையும் வரை பார்த்திருப்பேன்.

வலிக்குக் கிளினிக்கில் மாத்திரை தந்திருக்கிறார்கள். ஒழுங்காகப் போட்டால் அந்தக் கால் இருக்கிற நினைப்பே மெல்ல மெல்லப் போய்விடும் என்கிறார்கள். நீங்கள் ஒழுங்காகப் போடுங்கள், என்னைப் பார்த்துக் கெட்டுப்போக வேண்டாம். நானும் மற்ற நாட்களில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் போடுவதில்லை.