வேகாத வால்வு

என் லாரி என்ஜினுக்குள் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது என்று எனக்கு முழுசாகப் புரிந்தது ஒரு கல்யாணத்தன்று. போடிமெட்டு ஏறுகிற ரோட்டில், ஒன்பதாவது வளைவில்.

பூப்பாறையில் கடை வைத்திருக்கிற என் கூட்டாளியின் மகளுக்கு நிக்காஹ். சமையல் போடியிலிருந்து போகிறது. பிரியாணி ஆக்குகிற பண்டாரி பாய், அவருடைய ஆட்கள் இரண்டு பேர், தேக்சா அண்டா, அரிசி, கறி, வெங்காயம், கேஸ் அடுப்பு எல்லாம் என் வண்டியில். பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு. "நீ கொண்டாந்து எறக்குனாத்தான்டா எனக்குப் பந்தி" என்று கூட்டாளி சொல்லியிருந்தான். விடியக் கிளம்பினோம்.

ஒன்பதாவது வளைவில் சூட்டு முள் சிவப்புக்குப் போனது. ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பண்டாரி பாய் இறங்கி வந்தார்.

"என்ன மாப்ளே, என் அடுப்புக்கு முன்னாடி உன் அடுப்பு பத்திக்கிருச்சா?"

"சூடு, பாய்."

"தண்ணிய ஊத்து. வெரசா."

"இப்ப மூடியத் தெறந்தா மூஞ்சி வெந்துரும்."

அவர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

கூட்டாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பொண்ணு வீட்டுக்காரன்டா நான்" என்றான். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.

என்ஜின் நெருப்பாக இருந்தது. ரேடியேட்டரில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. அதற்கு வருகிற மேல் குழாயும் சில்லென்று இருந்தது. அங்கேதான் பிடிபட்டது.

தண்ணீர் போகிற வழி இதுதான். ரேடியேட்டர் அடியிலிருந்து பம்பு இழுக்கும். சிலிண்டர்களைச் சுற்றி அனுப்பும். சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் மேலே ஏறும். அது வெளியே வருகிற வாசலில் ஒரு சின்ன வால்வு. என்ஜின் குளிர்ந்திருந்தால் வால்வு மூடியிருக்கும், தண்ணீர் உள்ளேயே சுற்றும். சூடு ஏறியதும் தானாகத் திறக்கும். மேல் குழாய் வழியாகத் தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து, ஃபேன் காற்றில் ஆறி, திரும்ப அடிக்குப் போகும். என் வண்டியில் வால்வு திறக்கவில்லை. தண்ணீர் உள்ளேயே கிடந்து கொதித்தது. ரேடியேட்டர் சோலி இல்லாமல் சும்மா இருந்தது.

ஆற ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். பண்டாரி பாய் மலையைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்தார்.

"டேய், வெங்காயத்த எறக்குங்க. இங்கனயே அரிஞ்சிருவோம்."

ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். எனக்கும் ஒரு கத்தி. நாலு பேர் கண்ணிலும் தண்ணீர் ஊற்றியது. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு ஒன்று மெதுவாக வளைந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"என்னண்ணே, வண்டி போயிருச்சா? நாலு பேரும் கூடி உக்காந்து அழுகுறீங்க?"

பின்னாலிருந்து இன்னொருத்தி, "எப்பண்ணே எடுக்குறீங்க?"

சிரிப்பில் ஜீப்பே குலுங்கியது. பண்டாரி பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மதியம் சோறு இருக்கு ஆத்தா, வந்துரு" என்றார்.

வெங்காயம் முடிந்தபோது என்ஜினும் ஆறியிருந்தது. கொஞ்சம் தண்ணீர் இறக்கி, இரண்டு போல்ட்டைக் கழற்றி வால்வை எடுத்தேன். துரு அப்பியிருந்தது. தப்பு என்னுடையதுதான். இந்த ரோட்டில் ஓட்டுகிற நாங்கள் ஊற்றைக் கண்டால் நிறுத்தி ரேடியேட்டரில் ஊற்றுவோம். கடையில் கேனில் விற்கிற பச்சைக் கலர் கூலன்ட்டை ஊற்றச் சொல்லி மெக்கானிக் எத்தனையோ தடவை சொன்னார். நாம குடிக்கிற தண்ணி வண்டிக்கு ஆகாதா என்று கேட்டவன் நான். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு கூலன்ட்தான். ஊற்றுத் தண்ணீரை நான் குடித்துக்கொள்கிறேன்.

வால்வு நிஜமாகவே செத்துவிட்டதா என்று பார்க்கச் சுடுதண்ணீர் வேண்டும். டீச் சட்டி கேட்டேன். பாய் முறைத்தார். கொடுத்தார். அடுப்பைப் பற்ற வைத்து, வால்வைக் கம்பியில் கட்டிச் சட்டிக்குள் விட்டேன். எல்லாரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வால்வு அசையவில்லை.

"வேகலையே மாப்ளே. கெழட்டுக் கெடா கூட இந்நேரம் வெந்திருக்கும்."

"தூக்கிப் போட வேண்டியதுதான், பாய்."

"அந்தத் தண்ணியக் கீழ ஊத்து. இல்லைன்னா உனக்கே டீ போட்டுருவேன்."

வால்வு இல்லாமலும் வண்டி ஓடும். மெட்டுக் குளிரில் என்ஜின் சூடேறாமல் டீசல் குடிக்கும், அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பரவாயில்லை. ஆனால் வால்வு மூடிக்கு அடியில் கசியாமலிருக்க வைக்கிற பேக்கிங் கிழிந்துவிட்டது. அட்டை வேண்டும். சட்டைப் பையில் கல்யாணப் பத்திரிகை இருந்தது. மூடியின் அளவுக்கு வெட்டி, கிரீஸ் தடவி வைத்து முடுக்கினேன்.

ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். என்ஜினை ஓடவிட்டேன். காற்றுக் குமிழ் விட்டு விட்டு அடங்கியது. மேல் குழாயைப் பிடித்தேன். சுட்டது. கையை எடுக்க மனசே வரவில்லை.

"சுத்துதா?" என்றார் பாய்.

"சுத்துது."

"அப்பப் போடா!"

பூப்பாறையில் கூட்டாளி புதுச் சட்டையோடு நடு ரோட்டில் நின்றான். மணி ஒன்பதரை. வண்டி நிற்குமுன்னே பாய் குதித்தார். அரிந்த வெங்காயம் நேராக எண்ணெய்க்குப் போனது.

ஒன்றேகாலுக்குப் பிரியாணி தம் உடைத்தார்கள். வாசனை ரோடு வரைக்கும் வந்தது. கூட்டாளி ஓடி ஓடிப் பரிமாறினான். என் முன்னால் வந்ததும் நின்றான். கறியாகத் தேடி மூன்று துண்டு வைத்தான்.

நான் மறுசோறு கேட்டேன்.