சுவரில் கரிக்கட்டையால் எழுதியவர்

கரியாலூருக்கு மேலே ஒரு மலைப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வெளிநாட்டு மாணவர்கள் வந்தார்கள். அவர்கள் பேச்சை மொழிபெயர்க்க, கள்ளக்குறிச்சியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த என்னைக் கூட்டிப்போனார்கள். நாங்கள் வேனை விட்டு இறங்கியதும், ஒட்டிய கன்னமும் காதில் சொருகிய பீடியுமாக ஒருவர் வந்து, வண்டி நம்பரைப் பள்ளிச் சுவரில் கரிக்கட்டையால் எழுதினார். அங்கே ஏற்கெனவே வரிசையாக நம்பர்கள் இருந்தன. வம்புக்கு வருகிறவர் என்று நினைத்து ஒதுங்கிப் போனேன்.

ஊருக்குப் போனபின் கடிதம் எழுதிப் பழகலாம் என்று அந்த மாணவர்கள் பிள்ளைகளுக்கு அட்டைகள் கொடுத்து, பேரும் ஊரும் எழுதச் சொன்னார்கள். நம்பர் எழுதியவர் உள்ளே வந்து தன் மகள் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"கடுதாசி போடத்தாங்க கேக்குறாங்க" என்றேன்.

"அன்னிக்கும் இப்படித்தான் சார் வேன்ல வந்தாங்க. பேரு எழுதிக்கினு, மரம் வெட்டற வேலைன்னு என் தம்பிய இட்டுக்கினு போனாங்க. இன்னும் வர்ல. ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா வண்டி நம்பரு இன்னான்னு கேக்குறாங்க. எனக்கு இன்னா தெரியும்?"

அட்டையை என்னிடம் நீட்டினார். "மொதல்ல நீங்க பேரு, ஊரு எழுதிக் குடுங்க. அப்பறம் எம்பொண்ணு எழுதட்டும்."

எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்து, சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மகளுக்கு வேறு அட்டை வாங்கிக் கொடுத்தார். அவள் தன் ஊரைத்தான் எழுதினாள். நான் மட்டும் ஏன் என் ஊரான கள்ளக்குறிச்சியை விட்டுவிட்டு, சின்னசேலம் என்று எழுதினேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.