கடம்பூர்ப் பக்கம் ஒரு பாறை, உச்சியில் ஒரு மணி

பங்குனி வெயிலில் எவனாவது பாறை ஏறுவானா என்று கேட்காதீர்கள். போன சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் ஏறினோம். காரணம் பாஸ்கர்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவனுக்கு வலது கணுக்கால் உடைந்தது. பாறையில் விழுந்து உடைந்திருந்தால் வெளியில் சொல்லிக்கொள்ளவாவது கௌரவமாக இருந்திருக்கும். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவப் போன இடத்தில் வழுக்கி விழுந்தான். உள்ளே தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, டாக்டரும் ஏறலாம் என்று சொல்லிவிட்டார். தைரியம்தான் திரும்பி வரவில்லை. பொங்கல் லீவில் கழுகுமலையைத் தாண்டி ஒரு சின்னப் பாறைக்குக் கூட்டிப்போனோம். ஆள் உயரம்கூட ஏறவில்லை, கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியதும் இறங்கிவிட்டான்.

அதற்கப்புறம் ஒருநாள் என் கடைக்கு வந்தான். கோவில்பட்டியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னான்: "ஏலே, இன்னும் ஒரு தடவை பாக்குதேன். இதுலயும் முடியலன்னா ஷூவையும் கயித்தையும் யாருக்காவது குடுத்துருதேன். தெனமும் அதப் பாத்துப் பாத்து என்னால மனசு வெந்து சாக முடியாது." அவன் விளையாட்டுக்குச் சொல்பவன் இல்லை. எனக்கு அன்றைக்கு வியாபாரமே ஓடவில்லை. எங்கள் சிநேகிதத்தில் பாதி பாறையில் வளர்ந்தது. அவன் விட்டுவிட்டால் நானும் விட்டமாதிரிதான்.

சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். கார் பாஸ்கரின் மனைவி மகேஸ்வரியுடையது, ஓட்டியதும் அவள்தான். பாஸ்கர் ஓட்டினால் அரைக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பாறையைப் பார்க்க வண்டியை நிறுத்துவான் என்பது அவள் கட்சி. நாலாவது ஆள் டேனியல். பெங்களூரில் வேலை பார்த்தபோது முறையாகப் பயிற்சி எடுத்தவன், உச்சியில் கயிறு கட்டும் பொறுப்பு எப்போதும் அவனுக்கு. என் உடம்புக்கு ஏறுவதைவிடக் கீழே நின்று கயிறு பிடிப்பதுதான் பொருத்தம். மேலே இருப்பவன் நழுவினால் நான் கல்தூண் மாதிரி நிற்பேன்.

கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, கிளைச்சாலையில் இன்னும் ஆறு கிலோமீட்டர் போனோம். கடைசி ஒரு கிலோமீட்டர் கரிசல் வண்டிப்பாதை. காய்ந்து கிடந்தால் எந்தக் காரும் போகும். ஒரு மழை பெய்துவிட்டால் டிராக்டரே யோசிக்கும். ஊர் பெயரை நான் எழுதப் போவதில்லை, ஏன் என்பது கீழே படித்தால் தெரியும்.

பாறை நாற்பதடி உயரம் இருக்கும். மேற்கு முகம் செங்குத்து, காலை பதினொரு மணி வரைக்கும் நிழல். பின்பக்கம் ஆடு ஏறும் சரிவு. சுற்றிலும் பருத்திச் செடி பிடுங்கிய கரிசல் காடு, அதை அடுத்து ஊர்க் களங்கள். களம் முழுக்க மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. கறுப்பு மண்ணுக்கு நடுவே அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு மகேஸ்வரி பத்து போட்டோ எடுத்தாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஏறலாமா என்று கேட்டோம்.

"ஏறுங்க, யாரு வேண்டாங்கா? மேல முனியசாமி இருக்காரு. உச்சிக்குப் போனா செருப்பக் கழட்டிருங்க" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

டேனியல் பின்பக்கமாகப் போய்க் கயிறு கட்டினான். முதலில் அவனே ஒரு தடவை ஏறிக் காட்டிவிட்டு மேலேயே நின்றுகொண்டான். அப்புறம் பாஸ்கர். முதல் இருபதடி பழைய பாஸ்கர்தான், பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அதற்குமேல் பாறை வயிறு மாதிரி வெளியே தள்ளியிருக்கும். அந்த இடத்தைத் தாண்ட, இரண்டு விரல் அகல விளிம்பில் வலது காலை வைத்து முழு உடம்பையும் அதன்மேல் ஏற்றவேண்டும். வலது காலை. விளிம்பில் வைத்தான், எடுத்தான், திரும்ப வைத்தான். கால் ஆடுவது கீழே இருந்தே தெரிந்தது. "எறக்கிருலே" என்று எந்த நிமிடமும் சொல்லிவிடுவான் என்று எனக்குப் பட்டது. டேனியல் மேலிருந்து தைரியம் சொல்லச் சொல்ல அவன் முகம் இன்னும் இறுகியது.

மகேஸ்வரி தைரியமெல்லாம் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "என்னங்க, மத்தியானத்துக்கு ரசம் வைக்கவா, புளிக்கொழம்பு வைக்கவா?"

"ரசம் வேண்டாம்" என்று எரிச்சலாகக் கத்தினான். கத்திய வேகத்தில் வலது காலை ஊன்றி எழுந்தும் விட்டான். எழுந்தபிறகுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. மிச்சப் பாறையை ஓடாத குறையாக ஏறினான். என் கையில் கயிறு தளர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

உச்சியில் முனியசாமிக்குப் பக்கத்தில், கல்தூணில் ஒரு வெண்கல மணி தொங்கியதாம். பாஸ்கர் ஷூவைக் கழற்றினான், கும்பிட்டான், மணியைப் பிடித்து ஆசை தீர அடித்தான். கணீர் கணீரென்று காடே கேட்டது. நாங்களும் கீழே கை தட்டினோம்.

அப்போதுதான் களத்தைப் பார்த்தேன். வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் ஓடி வருகிறார்கள். பலகையால் வத்தலைத் தள்ளிக் குவிக்கிறார்கள், தார்ப்பாயை இழுத்து மூடுகிறார்கள். களத்தில் வெயில் பளீரென்று அடிக்கிறது. ஆட்டுக்காரர் எங்களிடம் ஓடிவந்தார்.

"மேகம் எங்கய்யா? எந்தப் பக்கம் ஏறுது?"

பிறகுதான் விவரம் தெரிந்தது. வத்தல் காயும் மாதங்களில் அந்த மணி சாமிக்கு இல்லை, மழைக்கு. ஆடு மேய்ப்பவர்கள் உச்சியிலிருந்து மழை வருவதைப் பார்த்தால் மட்டும் அடிப்பார்கள். சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி களத்துக்கு ஓடவேண்டும். வத்தல் ஒருமுறை நனைந்தால் வெளுத்துச் சோடையாகிவிடும். முந்தின வாரம்தான் ஒரு களம் அப்படிப் போயிருந்தது.

பாறை ஏறப் பயந்ததைவிட அந்தக் களத்துக்கு நடக்கப் பாஸ்கர் அதிகம் பயந்தான். ஆனாலும் பின்பக்கச் சரிவில் இறங்கி வந்ததும் முதல் ஆளாக நடந்தான். சுப்புத்தாய் என்கிற அக்காவுடைய களம்தான் பக்கத்தில். மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"யாரு அடிச்சது?"

"நாந்தான்க்கா. தெரியாம அடிச்சிட்டேன்."

மகேஸ்வரி முன்னால் வந்தாள். "கால் ஒடஞ்சி ரெண்டு வருசமா ஏறாம இருந்தாவக்கா. இன்னைக்கி ஏறிட்டாவ. அந்த சந்தோசத்துல என்ன செய்யன்னு தெரியாம அடிச்சிட்டாவ. நீங்க வைய வேண்டியத வஞ்சிருங்க, நாங்க வத்தல விரிச்சிக் குடுத்துட்டுத்தான் போவோம்."

சுப்புத்தாய் பாறையையும் பாஸ்கரின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏலே, சந்தோசம்னா கூப்பாடு போடணும். மணிய அடிச்சா நாங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்லா ஓடியாரோம்" என்றார். பிறகு பலகையை அவன் கையில் கொடுத்தார். மூன்று களம் விரித்து முடிக்கையில் பதினொன்றரை. கடைசியில் எங்களுக்கு மோர் கொடுத்ததும் அவர்தான்.

நீங்களும் இந்தப் பக்கம் ஏற வருவதாக இருந்தால், மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். பங்குனி, சித்திரையில் விடிந்ததும் ஏறிப் பதினொன்றுக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கோவில்பட்டியிலிருந்து போய்வரப் பெட்ரோலுக்கு நானூறு ரூபாய் போதும். சிற்பமோ கல்வெட்டோ உள்ள பாறையில் கை வைக்காதீர்கள். முக்கியமாக, உச்சியில் என்ன இருக்கிறது, அது எதற்கு என்று ஊரில் ஒருவரிடமாவது விசாரியுங்கள். ஊர் பெயரை நான் சொல்லாததும் அதனால்தான். வருகிற ஒவ்வொருவரும் மணியைத் தொட்டுப் பார்த்தால் அந்த ஜனங்கள் ஓடியே களைத்துப்போவார்கள்.

திரும்பும்போது கடம்பூரில் நிறுத்திப் போளி வாங்கினோம். பாறையும் கயிறும் உரசிய விரல்களில் மிளகாய்க் காரம் ஏறியிருந்ததால் எங்கள் மூவராலும் போளியைத் தொட முடியவில்லை. மகேஸ்வரி பிய்த்து ஆளுக்கொரு வாய் ஊட்டினாள். பாஸ்கர் இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றில் வைத்துக்கொண்டு, ஸ்ஸ் ஸ்ஸ் என்றபடியே வந்தான்.

"கால் எப்படிலே இருக்கு?" என்று கேட்டேன்.

"காலா?" என்று திரும்பினான். "கை எரியுதுலே."