மூன்றரை நம்பர் ரீட்

நான் கிளாரினெட் வாங்கியதற்கு இரண்டு காரணங்கள். முதலாவதை எல்லோரிடமும் சொன்னேன். ஒரு நாள் சாயங்காலம் கராடியில் எங்கள் ஆபீஸ் பஸ் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பேண்டு செட்டில் ஒருவர் கிளாரினெட்டை வானத்தைப் பார்த்துத் தூக்கி வாசித்துக்கொண்டிருந்தார். மூடிய ஜன்னலையும் ஏ.சி. இரைச்சலையும் தாண்டி அந்தச் சத்தம் மட்டும் பஸ்ஸுக்குள் வந்தது. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாவது காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. கோவிட் சமயத்தில் நான் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தவள். தேறி, வேலைக்குத் திரும்பி, வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் என் மூச்சை நானே ஒட்டுக்கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஊதுகிற வாத்தியம் ஒன்றை உருப்படியாக வாசித்துவிட்டால் அதுவும் போய்விடும் என்று நினைத்தேன்.

வாத்தியம் ஆன்லைனில் கிடைத்தது. விற்றவர் ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர். பெட்டியும், வாயில் வைத்து ஊதும் மௌத்பீஸும் நன்றாக இருந்தன, ரீட் மட்டும் இல்லை. ரீட் என்பது நாணலைச் சீவிச் செய்த மெல்லிய பட்டை. நாகஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி இதற்கு இது. மௌத்பீஸின் அடியில் வைத்து ஒரு வளையத்தால் இறுக்கிக்கொண்டு ஊத வேண்டும். பட்டை அதிர்ந்தால்தான் சத்தம்.

கடையில் எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றரையிலிருந்து ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. ஒன்றரை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்றார் கடைக்காரர். நாற்பத்து நாலு வயதில், சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஒரு டீமையே நடத்துகிறவள், பிள்ளைகளோடு பிள்ளையாக ஒன்றரை வாங்குவதா? மூன்றரை கொடுங்கள் என்றேன். நம்பர் ஏற ஏறப் பட்டை கெட்டியாகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வகுப்பு மாதிரி நம்பர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் வந்து ஊதினேன். காற்று வந்தது. வெறும் காற்று. ஒரு வாரம் ஊதியும் காற்றுதான் வந்தது; எப்போதாவது நடுவில் ஒரு முனகல். கன்னம் வலித்தது, தலை சுற்றியது. மகள் தன் அரைகுறைத் தமிழில், "அம்மா, குக்கர்ல விசில் போடாத மாதிரி இருக்கு" என்றாள். கணவர் அந்த வாரம் முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சோபாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏன் இப்படிக் கஷ்டப்பட்டு ஊதற? வேணும்னா ஒரு கீபோர்டு வாங்கிக்கலாமே."

அவர் ஆஸ்பத்திரியை நினைத்துத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. எனக்கும் அதே நினைப்புதான். நுரையீரல் இவ்வளவுதான், இனிமேல் இதற்கு மேல் கிடையாது என்று மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

ஆனால் அதற்கு முன்பே பிம்ப்ரியில் ஒரு குழுவில் சேர்ந்திருந்தேன். பெரியவர்களாகி வாத்தியம் தொட்டவர்களுக்கான குழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவோம். நடத்துகிறவர் டிரம்பெட் வாசிக்கிற இளைஞர். ரீட் சமாச்சாரமெல்லாம் அவருக்குத் தெரியாது. என்ன கேட்டாலும் இன்னும் கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணுங்கள் என்பார். ராம்வாடி வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ, நடுவில் ஒரு இடத்தில் மாறிப் போவேன். முதல் வாரம் மெட்ரோ வாசலில் செக்யூரிட்டி அம்மாள் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். கறுப்பாக நாலைந்து குழாய்த் துண்டுகளைப் பார்த்ததும் சந்தேகம். வாத்தியம் என்றேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். பூட்டி ஊதினேன். காற்று. பின்னால் வரிசை நீண்டது.

"கராப் ஹை க்யா?" என்றாள், கெட்டுப்போயிருக்கிறதா என்று.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

குழுவில் என்னைத் தவிர இன்னொரு கிளாரினெட்காரி இருந்தாள். நிக்டியில் இருக்கும் மராத்திக்காரி, மயக்க மருந்து டாக்டர், என் வயதுதான். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி ஆங்கிலம். அவள் ஊதினால் உடனே சத்தம் வரும். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். ஆனால் அந்தச் சத்தம் ஒல்லியாக, வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் பலமாக ஊதினால் டப்பென்று அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது ஞாயிறு இடைவேளையில் எல்லோரும் வடா பாவ் வாங்க வெளியே போனபோது நாங்கள் இருவரும் மட்டும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இதை விற்றுவிடப் போகிறேன் என்று நான் ஆரம்பித்தேன். அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாளாம். வீட்டில் அவள் மாமியார் கதவைச் சாத்திக்கொள்கிறாராம். அவள் அப்படிச் சொன்னதில் எனக்கு என்ன தைரியம் வந்ததோ, இரண்டாவது காரணத்தையும் சொல்லிவிட்டேன். ஆக்சிஜன், மாஸ்க், மாடிப்படி எல்லாவற்றையும். மாடிப்படி விஷயத்தை அதுவரை கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கேட்கிற மாதிரி கேள்விகள் கேட்டாள். எத்தனை மாடி ஏறுவேன், ஏறும்போது பேச முடிகிறதா, இருமல் உண்டா. பிறகு ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"உங்க மூச்சுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "மூச்சு சரியா இல்லாதவங்கள நான் தினமும் பாக்கறேன். குழாயத்தான் சந்தேகப்படணும். அதக் குடுங்க."

என் மௌத்பீஸை வாங்கிக் கைக்குட்டையால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தாள். நானும் குனிந்து பார்த்தேன். ரீட்டின் நுனிக்கும் மௌத்பீஸின் நுனிக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கும். என்னுடையதில் அது நன்றாகத் திறந்திருந்தது. அணிவகுப்பு மைதானத்தில் ஊருக்கே கேட்க ஊதியவருடைய மௌத்பீஸ் அல்லவா. அவளுடையதில் அது முடி இழை போல இருந்தது.

"நீங்க என்ன நம்பர் ரீட்?" என்று கேட்டேன்.

"ஒன்றரை. புதுசா கத்துக்கறவங்களுக்கு அதுதான்னு குடுத்தாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அகலத் திறந்த வாயில் நான் கெட்டிப் பலகையைக் கட்டி வைத்திருக்கிறேன், அது எங்கிருந்து அதிரும்? அவளோ மூடிய வாயில் காகிதம் மாதிரி ஒன்றைக் கட்டியிருக்கிறாள், பலமாக ஊதினால் போய் ஒட்டிக்கொள்கிறது. அவள் உடனே மௌத்பீஸையே மாற்றிக்கொள்ளலாம் என்றாள். நான் விடவில்லை. பிழை தேடுவதுதான் என் பிழைப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ரீட்டை மட்டும் மாற்றலாம் என்றேன்.

அவள் பெட்டியிலிருந்து பிரிக்காத ஒன்றரை எனக்கு வந்தது. என் மூன்றரையிலும் பிரிக்காத ஒன்று அவளுக்குப் போனது. வாயில் வைத்து ஈரமாக்கி, வளையத்தை இறுக்கி ஊதினேன்.

சத்தம் வந்தது. முனகல் அல்ல, முழுதான ஒரு ஸ்வரம், ஹாலின் தகரக் கூரை வரை போய்த் திரும்பியது. நான் பயந்து நிறுத்திவிட்டேன். மறுபடி ஊதினேன். அது போய்க்கொண்டே இருந்தது. மூச்சு தீருவதற்கு முன் எனக்கு அழுகை வந்ததால்தான் நின்றது. அவளுடையதும் மாறியிருந்தது. வாத்து போய்விட்டது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் சதைப்பிடிப்பான சத்தம். பொட்டலங்களோடு திரும்பி வந்த கூட்டம் வாசலிலேயே நின்றது. டிரம்பெட் இளைஞர், பார்த்தீர்களா, பிராக்டிஸ் செய்தால் வந்துவிடும் என்றார். நாங்கள் மறுக்கவில்லை.

அப்புறம் கொஞ்ச நாள் இரண்டு பேரும் நம்பர்களோடு மல்லுக்கட்டினோம். உதடு பழகப் பழக ஒன்றரை எனக்கு லேசாகிவிட்டது, இரண்டுக்கு ஏறினேன். அவளுக்கு மூன்றரை கொஞ்சம் அதிகம், மூன்றுக்கு இறங்கினாள்.

மழைக்காலம் முடிந்ததும் நிக்டியில் ஒரு காலனி ஹாலில் எங்கள் குழு வாசித்தது. எனக்கு இரண்டாம் கிளாரினெட். ஒரு இடத்தில் மற்றவர்கள் எல்லோரும் நின்றுவிட, நான் மட்டும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்தேன். முன்வரிசையில் இருந்த கணவர் தன் மார்பில் கை வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை தானும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்து கீழே இறங்கியதும் பெட்டியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கீபோர்டு பேச்சு அதோடு நின்றது.

டாக்டரும் நானும் இப்போது அவள் வீட்டில் ஒரு டூயட் பழகுகிறோம். அவள் வேகமாகப் போய்விடுவாள், நான் தாளத்தை எண்ணிக்கொண்டு பின்னால் வருவேன். யார் மேல் தப்பு என்பதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. போன ஞாயிறு அவள் மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு பேருமே தப்பு என்றார்.